சட்டை தைத்த கைக்கு லெதர் வேலை: எது செல்லும், எது செல்லாது

கேள்வி கேட்டவர் 16 வருடமாக ஜென்ட்ஸ் டெய்லர். ரெடிமேடு வந்தபின் கடைக்கு வரும் துணி குறைந்துவிட்டது என்கிறார். 42 வயதில் லெதர் பர்ஸ், பெல்ட், பை செய்யக் கற்றுக்கொள்ளலாமா, இருக்கிற மிஷினிலேயே தைக்க முடியுமா, எந்த லெதரை வாங்குவது என்று கேட்டிருக்கிறார். மிஷினைப் பற்றிக் கேட்டாலும், இத்தனை வருடக் கைப்பழக்கம் புது வேலையில் செல்லுமா, இல்லை மறுபடி முதலிலிருந்தா என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ள நினைக்கிறார் என்று எனக்குப் படுகிறது. தோல் பொருள் செய்வதும் கற்றுக்கொடுப்பதும் என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பாதிக்கு மேல் செல்லும். டெய்லர்கள் பெரும்பாலும் தையலை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் அவர்களை நிஜமாகத் தடுமாற வைப்பது லெதரின் கனம்.

செல்லுபடியாகிறதை முதலில் சொல்லிவிடுகிறேன். அளவெடுத்து, அதைக் காகிதத்தில் உருவமாக வரைவது. இடது வலது ஜோடியாக வெட்டுவது. எந்தத் துண்டை எதற்கு முன் தைத்தால் பின்னால் கை நுழையும் என்று முன்கூட்டியே யோசிப்பது. ஜிப் வைப்பது, லைனிங் கொடுப்பது, டென்ஷன் சரியில்லை என்பதைச் சத்தத்திலேயே பிடிப்பது. இவையெல்லாம் புதிதாக வருகிறவருக்கு ஒரு வருடமாவது பிடிக்கும், உங்களுக்கு இப்போதே இருக்கிறது. காலர் தைக்கும்போது கீழ்த்துண்டை மேல்துண்டைவிட நூலளவு சின்னதாக வெட்டுவீர்கள் அல்லவா? மடிந்து திரும்பும்போது வெளித்துண்டுக்கு அதிக நீளம் வேண்டும் என்பதால் அப்படிச் செய்கிறீர்கள். அந்த ஒரு பழக்கம் பர்ஸ் வேலையில் அப்படியே உதவும். கீழே கணக்கோடு சொல்கிறேன்.

விட வேண்டிய முதல் பழக்கம் பிரித்துத் தைப்பது. துணியில் ஊசி இழைகளுக்கு நடுவே புகுந்து போகிறது, பிரித்துவிட்டு ஒரு அயர்ன் போட்டால் தடம் மறைந்துவிடும். தோலில் ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான். அதனால் குண்டூசி கிடையாது. கிளிப், இரட்டைப் பக்க டேப், பசை ஆகியவைதான் துண்டுகளைப் பிடித்து வைக்கும். ரிவர்ஸ் தையலையும் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் நாலு தடவை ஊசி இறங்கினால் அந்த இடம் கிழித்தெடுக்க ஏற்றதாக ஆகிவிடும். இரண்டு மூன்று தையல், அதுவும் முடிந்தவரை பழைய ஓட்டையிலேயே. அல்லது நூலை உள்பக்கம் இழுத்து முடிச்சிட்டு ஒரு சொட்டுப் பசை. தையல் நீளத்தையும் மாற்ற வேண்டும். சட்டைக்கு வைக்கும் 2 மில்லிமீட்டர் தையலைத் தோலில் வைத்தால் ஓட்டைகள் நெருங்கி, கொஞ்ச நாள் இழுபட்டதும் தையல் கோட்டிலேயே தோல் கிழியும். 3 முதல் 4 மில்லிமீட்டர் வையுங்கள்.

இனி கனம். துணி வேலையில் மூன்று நான்கு மடிப்பு ஒன்றுசேர்ந்தாலும் அழுத்தினால் அடங்கும். தோல் அடங்காது. 1.2 மில்லிமீட்டர் தோலை ஓரத்தில் மடித்தால் 2.4, அதன்மேல் இன்னொரு மடிப்பு சேர்ந்தால் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர்; அங்கே மிஷினும் தடுக்கும், பார்வைக்கும் முண்டும். இதற்காகத்தான் ஸ்கைவிங் என்று சொல்லும் ஓரம் சீவுதல். 7 மில்லிமீட்டர் மடிக்கப் போகிறீர்கள் என்றால், ஓரத்திலிருந்து 14 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சதைப்பக்கத்தில், அதாவது தோலின் உட்பக்கத்தில் சீவி, கனத்தைப் பாதியாக, 0.6 அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மடித்தபின் இரண்டு பாதியும் சேர்ந்து பழைய 1.2 ஆகும், ஓரம் சமமாக உட்காரும். மடிக்கிற பகுதியை மட்டும் சீவிவிட்டு, அது போய்ப் படுகிற பகுதியை அப்படியே விட்டுவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் ஓரம் தடித்தே நிற்கும்.

சீவுவதற்குக் கத்தி தோலோடு கிட்டத்தட்டப் படுத்திருக்க வேண்டும், அடியில் வழுவழுப்பான கிரானைட் துண்டோ கண்ணாடியோ இருக்க வேண்டும். மரப்பலகைமேல் வைத்தால் தோல் உள்வாங்கி, கத்தி ஆழமாக இறங்கிவிடும். கத்தி மழுங்கினால் தோல் வெட்டுப்படாமல் இழுபட்டுச் சுருளும்; பழகாதவர்கள் அதைத் தோலின் குறை என்று நினைக்கிறார்கள். 1000 நம்பர் கல்லில் தீட்டி, பச்சைப் பாலிஷ் தடவிய தோல் பட்டையில் இருபக்கமும் இழுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள், சில துண்டுகளுக்கு ஒருமுறை பட்டையில் மறுபடி இழுங்கள். எல்லாவற்றிலும் கடினமான கைவேலை இதுதான். குரோம் உப்பில் பதனிட்ட மென்மையான தோல் கத்திக்கு அடியிலேயே இழுபடும் என்பதால், பழகுவதற்குச் சற்று விறைப்பான தோல் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் சந்தை உள்ள ஊர்களில் கூலிக்கு மிஷினில் சீவித் தருபவர்கள் இருக்கிறார்கள், அளவு கூடியபின் அவர்களிடம் கொடுக்கலாம். ஆனால் கையால் சீவத் தெரியாமல் அவர்களிடம் போனால் என்ன கேட்பது என்றே தெரியாது.

காலர் கணக்குக்கு வருகிறேன். மடிக்கும் பர்ஸில் வெளித்தோலும் உள்தோலும் ஒரே நீளமாக வெட்டினால், மூடும்போது உள்தோல் சுருங்கி மடிப்பில் எழும்பும், பர்ஸ் தானே திறந்துகொள்ளும். முழுதாக மடியும்போது இரண்டு அடுக்குக்கும் வரும் நீள வித்தியாசம், அவற்றின் நடுக்கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை 3.14 ஆல் பெருக்கினால் கிடைக்கும். வெளித்தோல் 1.2, உள்தோல் 0.8 என்றால் நடுக்கோடுகளுக்கு இடையே 1 மில்லிமீட்டர். எனவே உள்தோல் சுமார் 3 மில்லிமீட்டர் குறைய வேண்டும். லைனிங் ஒன்று நடுவே வந்தால் 5 வரை போகும். ஒருபக்க ஓரத்தை முதலில் ஒட்டி, பர்ஸை மடித்த நிலையில் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை ஒட்டுங்கள். விரித்து வைத்து ஒட்டினால் கணக்குப் போட்டதெல்லாம் வீண்.

தோலை வாங்கும்போது மீட்டர் கணக்கு கிடையாது, சதுர அடிக் கணக்கு. ஓர் ஆட்டுத்தோல் 4 முதல் 6 சதுர அடி வரை இருக்கும், மாட்டுத்தோல் அதைப்போலப் பல மடங்கு. ஒழுங்கற்ற வடிவம், ஓரத்தில் கிழிசல், நடுவில் உண்ணி கடித்த தழும்பு என்று கழிவு போகும். 20 முதல் 30 சதவீதம் கூடுதலாக வாங்குவது நல்லது. துணியில் நேர் இழை, கிராஸ் என்று பார்ப்பதைப்போல இங்கே முதுகெலும்புக் கோட்டைப் பாருங்கள். அந்தக் கோட்டுக்கு இணையாகத் தோல் குறைவாக இழுபடும், குறுக்கே அதிகம் இழுபடும். முதுகுப் பகுதி இறுக்கமானது, வயிற்றுப் பகுதி தளர்ந்தது, கழுத்தில் சுருக்கக் கோடுகள் இருக்கும். பெல்ட், பையின் வார், கைப்பிடி எல்லாம் முதுகில், முதுகெலும்புக்கு இணையாக. வயிற்றுத்தோலில் வெட்டிய வார் சில மாதத்தில் நீண்டு கோணலாகும். உள்பை, சின்னச் சின்னப் பட்டிகளுக்கு வயிற்றுப் பகுதி போதும். வெட்டுவதற்கு முன் இரண்டு கையாலும் எல்லாப் பக்கமும் இழுத்துப் பாருங்கள், பத்துத் தோல் பார்த்தபின் விரலே சொல்லிவிடும். கனத்தை மட்டும் விரலை நம்பாமல் திக்னஸ் கேஜ் வைத்து நான்கைந்து இடத்தில் அளக்க வேண்டும், ஒரே தோலில் முதுகுக்கும் வயிற்றுக்கும் கனம் வேறுபடும்.

பதனிடும் முறையில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு வகை. குரோம் உப்பில் பதனிட்டது மென்மையாக, பல நிறத்தில் வரும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூவுக்கும் கைப்பைக்கும் போவது பெரும்பாலும் இதுதான். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது வெஜ் டேன். விறைப்பாக, பழுப்பாக இருக்கும், வெயில் பட்டால் நிறம் ஏறும். ஈஐ (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்று பெயர்பெற்ற தமிழ்நாட்டுத் தோல் இந்த இரண்டாம் வகை. ஒருகாலத்தில் ஆவாரம்பட்டையில் செய்தார்கள், பிறகு வாட்டில் பட்டைச் சாறும் கடுக்காயும் வந்தன. அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இரண்டுக்கும் வேலை முறையே வேறு: வெஜ் டேன் ஓரத்தைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் பளபளப்பாக இறுகும், அச்சு பதியும், குரோம் இரண்டையும் ஏற்காது.

கடைக்காரர் சொல்வதைச் சோதிக்க ஓர் எளிய வழி கொதிநீர். விரலளவு துண்டை நன்றாகக் கொதிக்கும் நீரில் போடுங்கள். வெஜ் டேன் 70 முதல் 85 டிகிரிக்குள்ளேயே சுருங்கிவிடும் என்பதால் சுருண்டு விறைத்துப்போகும். நன்றாகப் பதனிட்ட குரோம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். வெஜ் டேன் தோலை மறுபடி குரோமில் போட்ட செமி குரோம் வகையும் சந்தையில் உண்டு, அதை இந்தச் சோதனையால் மட்டும் தீர்மானிக்க முடியாது. இன்னொரு எச்சரிக்கை, டெய்லர் மேஜையில் இது அடிக்கடி நடக்கும்: ஈரமான வெஜ் டேன் தோலில் கத்திரிக்கோலோ, குண்டூசியோ, இரும்புத் துகளோ பட்டால் கருநீலக் கறை ஏறும். தோலில் ஏறியிருக்கும் மரப்பட்டைத் துவர்ப்பான டானினும் இரும்பும் சேர்வதால் வருவது, தேய்த்தால் போகாது. எலுமிச்சைச் சாறு தடவி உடனே ஈரத்துணியால் துடைத்தால் லேசான கறை மங்கும்.

மிஷின் கேள்விக்கு நேராகப் பதில். உங்கள் மிஷின் என்ன மாடல் என்று எழுதவில்லை, சாதாரணக் கறுப்புத் தலை மிஷின் அல்லது கடைகளில் உள்ள சிங்கிள் நீடில் பவர் மிஷின் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டிலும் மெல்லிய ஆட்டுத்தோல் இரண்டு அடுக்கு, மொத்தம் ஒன்றரை மில்லிமீட்டர் வரை தைக்கலாம். அதற்கும் மூன்று மாற்றம் வேண்டும். லெதர் முனை ஊசி, 14 அல்லது 16 நம்பர். துணி ஊசி தோலை வெட்டாமல் குத்திப் பிதுக்கும், தையல் தவறும். இரண்டாவது, தைக்கும்போது மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் ஃபூட்டை மாற்றி டெஃப்ளான் ஃபூட் அல்லது ரோலர் ஃபூட். இரும்பு ஃபூட் தோலின்மேல் ஒட்டிக்கொள்ளும், அடியில் பல் மட்டும் தள்ளும், அதனால் மேல்துண்டு பின்தங்கிக் கடைசியில் நீண்டு நிற்கும். மூன்றாவது, ஃபூட் அழுத்தத்தைக் குறைப்பது. இல்லையென்றால் பல்லின் தடம் அடித்தோலில் நிரந்தரமாகப் பதியும். நூல் பாலியெஸ்டர் அல்லது பாண்டெட் நைலான். பருத்தி நூல் வேண்டாம், வெஜ் டேன் தோலில் அது நாளடைவில் இற்றுப்போகும்.

இதற்குமேல் கனமாகப் போனால் அந்த மிஷினைக் கட்டாயப்படுத்தாதீர்கள். டைமிங் நகரும், ஊசி முறிந்து தெறிக்கும், சட்டை தைக்கிற மிஷினும் கெடும். பை தைப்பதற்கு ஊசி, ஃபூட், பல் மூன்றும் சேர்ந்து நகர்த்தும் வாக்கிங் ஃபூட் மிஷின்தான் வேண்டும். அதைத் தொடக்கத்திலேயே வாங்குவது தவறான செலவு என்பது என் கருத்து. முதல் ஆறு மாதம் கையால் தையுங்கள். கிளட்ச் மோட்டாருக்குப் பதில் சர்வோ மோட்டார் மாட்டினால் பழைய மிஷினே மெதுவாக, ஒவ்வொரு தையலாக ஓடும். இந்தச் செலவு மட்டும் முதலிலேயே செய்யத் தகுந்தது.

கைத்தையலில் நூல் ஒன்று, இரு முனையிலும் மழுங்கிய ஊசி, ஒரே ஓட்டையில் இரண்டு பக்கமிருந்தும் போகும். ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளிக் கோடு போட்டு, பிரிக்கிங் அயர்ன் என்னும் வரிசைப் பல் வைத்த இரும்பு உளியைக் கொட்டாப்புளியால் அடித்து ஓட்டையிடுங்கள். அயர்ன் செங்குத்தாக நிற்கவில்லை என்றால் முன்பக்கம் நேராகவும் பின்பக்கம் கோணலாகவும் வரும். நூல் நீளம் தையல் நீளத்தைப்போல 4 மடங்கு, ஊசி கோக்க 20 சென்டிமீட்டர் கூடுதல். ஆக 20 சென்டிமீட்டர் தையலுக்கு ஒரு மீட்டர். 4 மில்லிமீட்டர் தையலுக்கு 0.6 நூல், 3 மில்லிமீட்டருக்கு 0.45. இரண்டாவது ஊசியை விடும்போது முதல் நூலைப் பின்னுக்கு இழுத்துப் பிடியுங்கள், இல்லையென்றால் ஊசி நூலையே துளைத்துவிடும், பிறகு எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. ஒவ்வொரு ஓட்டையிலும் எந்த ஊசி முதலில், நூல் மேலேயா கீழேயா என்ற வரிசையை மாற்றக்கூடாது. தையல் சாய்வு ஒருசீராக வருவது அந்த வரிசையால்தான். கைத்தையல் மிஷின் தையலைவிடப் பத்து மடங்கு வலு என்று சிலர் சொல்வதை நம்ப ஆதாரமில்லை. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மறுநூல் பிடித்திருக்கும், மிஷின் தையலைப்போல உருவிக்கொண்டு வராது என்பது மட்டும் உறுதி.

பசைக்கு ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்ற ரப்பர் சொல்யூஷன் போதும். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, 10 முதல் 15 நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாத நிலையில் சேர்த்து அழுத்துங்கள். ஈரமாக ஒட்டினால் பிரிந்து வரும். பளபளப்பான கிரெயின் பக்கத்தில், அதாவது தோலின் வெளிப்பக்கத்தில் ஒட்ட வேண்டியிருந்தால் அந்த ஓரத்தை மணல்தாளால் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வைப்பதை யோசனையாக மட்டும் சொல்லவில்லை, கட்டாயமாகவே சொல்கிறேன். பசைக் கரைப்பானில் உள்ள ஹெக்சேனை மூடிய அறையில் மாதக்கணக்கில் சுவாசித்த செருப்புத் தொழிலாளர்களுக்குக் கை கால் நரம்பு பாதிக்கப்பட்டது ஜப்பானிலும் இத்தாலியிலும் பதிவானது. விரல் நுனி மரத்தால் அலட்சியம் வேண்டாம்.

ஓரம் முடிப்பதில் அவசரப்படுகிறவர்கள் அதிகம். வெஜ் டேன் என்றால் 240, 400, 600 என்று மணல்தாளை ஏற்றிக்கொண்டே போய், ஈரம் தொட்டு, டிராகாகாந்த் கோந்து தடவி, மரக்கட்டையால் சூடு வரும்வரை தேய்க்க வேண்டும். குரோம் என்றால் எட்ஜ் பெயிண்ட், மெல்லிய பூச்சாக மூன்று, நடுநடுவே காயவிட்டு 600 தாளால் தேய்ப்பு. ஒரே கனமான பூச்சு வளையும் இடத்தில் வெடிக்கும். அடுக்குகள் ஓரம்வரை சரியாக ஒட்டாமலிருந்தாலும் வெடிக்கும், அதற்குப் பெயிண்டைக் குறைசொல்லிப் பயனில்லை.

தொடங்குவதற்குப் பெல்ட் நல்லது, ஏனென்றால் அதில் தையலே வேண்டாம். 3 முதல் 3.5 மில்லிமீட்டர் எருமை அல்லது மாட்டு வெஜ் டேன் முதுகுத்தோல். ஃபார்மல் பேண்ட் லூப்புக்கு 30, ஜீன்ஸுக்கு 35 மில்லிமீட்டர் அகலம். லூப் அளவு உங்களுக்கே தெரியும். பக்கிள் மடிப்பிலிருந்து நடு ஓட்டைவரை உள்ள தூரம்தான் இடுப்பளவு. ஐந்து ஓட்டை, 25 மில்லிமீட்டர் இடைவெளி. பக்கிள் மடிப்புக்கு 7 சென்டிமீட்டர் விட்டு, அந்த இடத்தைப் பாதி கனமாகச் சீவி ஸ்குரூ போட்டு முடியுங்கள். சீவுதல், நேர்வெட்டு, ஓரம் மூன்றும் இதில் பழகிவிடும். அடுத்து கார்டு ஹோல்டர், அதன்பின் பர்ஸ். கார்டு 85.6 × 54 மில்லிமீட்டர். தையல் கோடுகளுக்கு நடுவே 90 வர வேண்டும். 500 ரூபாய்த் தாள் 150 × 66. எனவே விரித்த பர்ஸ் 200 × 90 என்றால் இரண்டும் அடங்கும். கார்டு அறைகளை முழு அகலத்துக்கு அடுக்கினால் ஓரத்தில் கனம் ஏறும். கீழ் அறைகளை டி வடிவில் வெட்டி, காதுகளை மட்டும் பக்கத்துத் தையலுக்குள் விடுங்கள்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. இதில் எவ்வளவு சம்பாதிக்கலாம் என்பதில் எனக்கு அந்த உறுதி இல்லை. தொழிற்சாலை மிச்ச லெதரிலும் ரெக்சினிலும் செய்த பர்ஸ்கள் விற்கும் விலைக்கு உங்களால் செய்ய முடியாது, முயலவும் வேண்டாம். உங்கள் கடைக்கு ஏற்கெனவே வருகிறவர்களிடம் பையின் ஜிப் மாற்றுவது, அறுந்த வார் போடுவது, அளவுக்குப் பெல்ட் செய்வது என்று தொடங்கினால் தையல் வருமானத்தை நிறுத்தாமலேயே பழகலாம். பயிற்சி வேண்டுமென்றால் கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் பயிற்சிகள் நடத்துகிறது. பொருள் வாங்கச் சென்னைப் பெரியமேடு. அங்கே நாலு கடை ஏறி இறங்கிச் சில்லறைத் துண்டுகளைக் கிலோ கணக்கில் கேளுங்கள், பழகுவதற்கு அது போதும்.

ஊருக்குள்ளேயே செருப்பு தைப்பவர் இருப்பார். குத்தூசி பிடிப்பது, கத்தி தீட்டுவது, நூலுக்கு மெழுகு ஏற்றுவது எல்லாம் அவருக்குத் தெரிந்த அளவு எந்த வீடியோவிலும் கிடைக்காது. அவரிடம் உட்கார்ந்து, அவர் நேரத்துக்குக் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். தோல் வேலை என்றதும் வீட்டிலோ தெருவிலோ யாராவது முகம் சுளித்தால், அந்த வேலையைத் தலைமுறைகளாகச் செய்தவர்களைச் சாதியின் பெயரால் தள்ளிவைத்த அதே பழக்கம்தான் அது. அதற்கு நீங்கள் மதிப்புத் தர வேண்டியதில்லை.

முதல் தோலை ஐப்பசியில் வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மடிக்காமல், கிரெயின் பக்கம் வெளியே வரும்படி சுருட்டி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, தரையில் படாமல் பரணில் வையுங்கள். வாரம் ஒருமுறை விரித்துக் காற்றாட விட்டால் மழைக்காலம் முழுக்கத் தாங்கும்.